மறைந்திருப்பவை எல்லாம் குப்பை அல்ல



வீட்டுக் கணினியில் "இடம் போதவில்லை" என்னும் அறிவிப்புத் தோன்றியதும் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கணினி பற்றி ஓரளவு தெரிந்த பிள்ளை ஒருவர் முன்வந்து அமர்கிறார். கண்ணில் படுகின்ற பெரிய கோப்பு எது என்று தேடுகிறார். ராத்தாவின் நிக்காஹ் வீடியோ தெரிகிறது. காலஞ்சென்ற வாப்பாவின் குரலை ஒலிநாடாவிலிருந்து மாற்றிப் பாதுகாத்து வைத்த பதிவுகள் தெரிகின்றன. குழந்தைகளின் மழலைப் பருவத்துப் படங்கள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. "இவற்றில் பாதியை எடுத்துவிட்டால் போதும்" என்று தீர்ப்புக் கூறி, அழித்தும் விடுகிறார். மூன்று மாதங்கள் கழித்து அதே அறிவிப்பு மீண்டும் வருகிறது. அழிக்கப்பட்ட படங்களோ திரும்பி வருவதில்லை.

இது ஏன் நேர்கிறது? கணினியின் இடத்தைப் பிடித்துக் கொண்டிருப்பவற்றில் கணிசமான பகுதி நம் பார்வைக்குப் படாமல் மறைந்திருக்கிறது. நாம் தெரிவதை அழித்துவிட்டு, மறைந்திருப்பதை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மறைந்திருக்கும் கோப்புகளே இடத்தை அடைக்கின்றன என்று யாரோ கூறக் கேட்டு, அவற்றையெல்லாம் வெளிக்கொணர்ந்து, பெயர் புரியாதவை அனைத்தையும் நீக்கிவிடுவோர் இருக்கிறார்கள். மறுநாள் கணினி திறப்பதில்லை.

இவ்விரு தவறுகளுக்கும் இடைப்பட்ட நேர்வழி என்ன என்பதையே இந்த மாதம் பார்க்கவிருக்கிறோம். நான் கணினிப் பொறியியல் பயின்றவன் அல்லன். கலைப்பிரிவில் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்துபவன். ஆகவே பொறியாளர்களின் மொழியில் அல்லாமல், இல்லத்தில் உள்ள எவரும் பின்பற்றத்தக்க முறையில் இதனை எழுதுகிறேன். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் கணினி என்பதால் அதனையே எடுத்துக் கொள்கிறேன்.

ஏன் மறைத்து வைத்தார்கள்?

கோப்புகளை மறைப்பது இன்று நேற்று வந்த பழக்கமன்று. 1981ஆம் ஆண்டு எம்எஸ்-டாஸ் வெளிவந்த காலத்திலேயே, கணினி இயங்குவதற்கு அடிப்படையான இரண்டு கோப்புகள் பயனர் பார்வையில் படாதவாறு மறைக்கப்பட்டிருந்தன. தெரியாத்தனமாக யாரும் அவற்றை அழித்துவிட்டால் கணினி எழுந்திராது என்பதே காரணம். இன்றைய விண்டோஸிலும் அதே முறை தொடர்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் "மறைந்தது" என்றும் "இயக்க அமைப்புக்குரியது" என்றும் அடையாளம் இட முடியும். அடையாளம் உள்ளதைப் பட்டியலில் காட்டாமல் விண்டோஸ் விட்டுவிடுகிறது.

யூனிக்ஸ் என்னும் அமைப்பில் இது வேறு விதமாக நேர்ந்தது. அதனை உருவாக்கிய குழுவில் பணியாற்றிய ராப் பைக் என்னும் அறிஞர் 2012ஆம் ஆண்டில் இந்த வரலாற்றை எழுதியுள்ளார். அங்கு ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என இரண்டு பதிவுகள் தாமாகவே இருக்கும். பட்டியலில் அவ்விரண்டும் தோன்ற வேண்டாம் என்று கருதிய நிரலர், சுருக்கமாக "புள்ளியில் தொடங்குவதைக் காட்டாதே" என எழுதிவிட்டார். விளைவு, புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் மறைந்து போயிற்று. பின்வந்த நிரலர்களுக்கு அது வசதியாகப் பட்டது. தத்தம் மென்பொருளின் துணைக் கோப்புகளை அங்கே போட்டு வைக்கலானார்கள். இன்று லினக்ஸிலும் மேக்கிலும் நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனிலும் அந்தப் பழக்கம் நீடிக்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. மறைத்தல் என்பது பூட்டுதல் அன்று. அறையின் மூலையில் திரை தொங்கவிடுவது போன்றது. திரைக்குப் பின்னால் வீட்டின் ஆவணப் பெட்டியும் இருக்கலாம். உடைந்த நாற்காலியும் இருக்கலாம். திரை இருக்கிறது என்பதைக் கொண்டு உள்ளிருப்பதை மதிப்பிட முடியாது.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

256 ஜிபி என்று அச்சிட்ட கணினியை வாங்கி வருகிறோம். திறந்து பார்த்தால் 238 ஜிபி என்றே காட்டுகிறது. மீதி எங்கே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று ஐயுறுவோர் உண்டு. ஏமாற்று ஏதுமில்லை. தட்டைத் தயாரிக்கும் நிறுவனம் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024 என்னும் எண்ணைக் கொண்டு கணக்கிடுகிறது. அளவு ஒன்றே, முழக்கோல் வேறு. அதுபோலவே 500 ஜிபி தட்டு 465 ஜிபி என்று தோன்றும். இந்த வேறுபாட்டைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று. 2019ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், பின்னாளில் வரும் புதுப்பிப்புகளுக்கென ஏறத்தாழ 7 ஜிபி இடத்தை விண்டோஸ் தானே ஒதுக்கி வைக்கத் தொடங்கியது. புதிய கணினிகளில் இதனைக் காணலாம். இதுவும் குப்பை அன்று.

காணும் வழி

நீக்குவதற்கு முன் காண வேண்டும். செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, சிஸ்டம் என்பதற்குள் ஸ்டோரேஜ் என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். எந்த வகைக் கோப்பு எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளது என்பதை அது பட்டை பட்டையாகக் காட்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த ஒரு பக்கமே போதுமானது.

மறைந்த கோப்புகளை நேரில் காண விரும்பினால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அதனுள் ஷோ என்றும், அதனுள் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்றும் வரும். விண்டோஸ் 10இல் வியூ பட்டையிலேயே ஹிட்டன் ஐட்டம்ஸ் என்னும் கட்டம் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்ததும் மறைந்தவை மங்கிய நிறத்தில் தோன்றும். பார்த்து முடித்த பின் மீண்டும் மறைத்துவிடுங்கள். சிறுவர்கள் புழங்கும் கணினியில் இது அவசியம்.

எது பெரிது என்பதை ஒரே பார்வையில் அறிய மற்றொரு வழியும் உண்டு. அது பிறந்த கதை நம் வீட்டுக் கதை போன்றதே. 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்நைடர்மேன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 80 எம்பி அளவுள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. இன்றைய போனில் எடுக்கும் ஒரு சிறு வீடியோவுக்கே அந்த இடம் போதாது. ஆனால் அதனை 14 பேர் பகிர்ந்து கொண்டிருந்தனர். அது நிரம்பிவிட்டது. யாருடைய எந்தக் கோப்பு இடத்தை அடைத்திருக்கிறது என்பதை அறிய வழியில்லை. அப்போது அவர், தட்டு முழுவதையும் ஒரு செவ்வகமாக வரைந்து, அதனுள் ஒவ்வொரு கோப்பையும் அதனதன் அளவுக்கேற்ற சிறு கட்டமாகக் காட்டும் முறையைக் கண்டார். பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம். சிறியதற்குச் சிறிய கட்டம். பெயர் புரிய வேண்டியதில்லை. கட்டத்தைப் பார்த்தாலே போதும். ட்ரீமேப் என்று அதற்குப் பெயர்.

விண்டிர்ஸ்டாட் என்னும் இலவச மென்பொருள் இந்த முறையிலேயே உங்கள் கணினியை வரைந்து காட்டும். அதனைக் காண்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதிலிருந்தே அழிக்கும் வசதியும் இருப்பதால், பழகாத கைக்கு அது ஆபத்தாக முடியலாம்.

தயங்காமல் நீக்கத் தக்கவை

முதலாவது, ரீசைக்கிள் பின். நாம் அழித்தவை உடனே அழிவதில்லை. தட்டின் உள்ளே மறைந்த ஒரு ஃபோல்டருக்கு இடம் மாறுகின்றன. அதனைக் காலி செய்யும் வரை ஒரு பைட் இடமும் கிடைக்காது. படங்களை அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று மேலும் மேலும் அழித்துச் செல்வோர் முதலில் இதனைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனித் தொட்டி உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. நீங்கள் உங்களுடையதைக் காலி செய்தால் உங்கள் தம்பியின் கணக்கில் உள்ளது காலியாவதில்லை. ஆனால் காலி செய்யுமுன் திறந்து ஒருமுறை பாருங்கள். தவறுதலாக வந்து விழுந்த ஒன்றை மீட்க அதுவே கடைசி வாய்ப்பு.

இரண்டாவது, தற்காலிகக் கோப்புகள். முன்னர்க் கூறிய ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திறந்தால் பட்டியல் வரும். மென்பொருள்கள் வேலைக்கென உருவாக்கி விட்டுச்சென்றவை, புதுப்பிப்பு முடிந்த பின் எஞ்சியவை, படங்களின் சிறுவடிவங்கள் முதலியன அதில் இருக்கும். இவற்றை நீக்குவதால் நம் ஆவணங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. தேவைப்பட்டதைக் கணினி மறுபடியும் உருவாக்கிக் கொள்ளும்.

ஆனால் இங்கேதான் ஓர் எச்சரிக்கை. அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்னும் பெயரும் இருக்கும். அது உங்கள் சொந்த ஃபோல்டர். பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ், விசா நகல், விமானச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. வழக்கமாக அதற்கு எதிரே குறி இடப்பட்டிராது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் அவசரத்தில் நாமே குறியிட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, உலாவியின் கேஷ். பார்த்த பக்கங்களின் படங்களை உலாவி சேமித்து வைக்கிறது. உலாவியின் செட்டிங்ஸ் வழியாகவே அதனை நீக்கலாம். அப்போது கேஷ் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் போய்விடும்.

யோசித்து நீக்க வேண்டியவை

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்ததை ஒட்டி, பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். அவ்வாறு மாறும்போது பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்ட் என்னும் ஃபோல்டரில் வைக்கப்படுகிறது. புதியது பிடிக்கவில்லையெனில் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதன் பின் விண்டோஸே அதனை நீக்கிவிடும். பல ஜிபி இடம் கொண்ட இதனை முன்கூட்டியே நீக்கவும் இயலும். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் முந்தைய விண்டோஸ் என்று வரும். நீக்கிய பின் திரும்பும் வழி அடைபடும் என்பதால், புதிய விண்டோஸில் உங்கள் பிரிண்டரும் தட்டச்சு மென்பொருளும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்த்த பிறகே நீக்குங்கள்.

அடுத்தது ஹைபர்ஃபில் என்னும் கோப்பு. கணினியை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கும்போது நினைவகத்தில் உள்ளவற்றை எழுதி வைப்பதற்கான இடம் இது. விண்டோஸ் 10லும் 11லும் வழக்கமாக இது ராம் அளவில் 40 விழுக்காடு இருக்கும். 8 ஜிபி ராம் எனில் சுமார் 3.2 ஜிபி. கோப்பை நேரடியாக அழிக்க முயலாதீர்கள். அந்த வசதியையே அணைத்தால் கோப்பு தானே மறையும். கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி எழுதிச் செய்யும் வேலை இது. அறிந்தவரைக் கொண்டு செய்வது நலம். அணைத்தால் கணினி சற்றுத் தாமதமாகத் திறக்கும். மடிக்கணினி வைத்திருப்போர், பேட்டரி தீரும் வேளையில் செய்துகொண்டிருந்த வேலையைக் காக்கும் வழியொன்றையும் இழப்பார்கள். மூன்று ஜிபிக்காக அதனை விட்டுக்கொடுப்பதா என்பதை அவரவர் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, சிஸ்டம் ரெஸ்டோர். கணினி பழுதானால் முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவுகள் இவை. சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் என்னும் பகுதியில் இதற்கு எவ்வளவு இடம் தரலாம் என்று நாமே அளவு வைக்கலாம். முழுவதும் அணைத்துவிடாமல் அளவைக் குறைப்பதே அறிவுடைமை.

நான்காவது, ஐபோனின் நகல். வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளை விடுமுறையில் வந்தபோது தம் ஐபோனை வீட்டுக் கணினியில் இணைத்து ஐடியூன்ஸ் மூலம் நகல் எடுத்திருப்பார். அந்த நகல் மறைந்த ஃபோல்டர் ஒன்றினுள், புரியாத எண்களும் எழுத்துகளும் கலந்த பெயரில் கிடக்கும். போனில் உள்ள படங்களும் அதில் சேர்ந்திருந்தால் பல பத்து ஜிபி கூட இருக்கும். பார்ப்பவருக்குக் குப்பை போலவே தோன்றும். அந்தப் போன் தொலைந்துவிட்டாலோ பழுதாகிவிட்டாலோ, அவருடைய படங்களும் செய்திகளும் எஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கக் கூடும். அவரைக் கேட்காமல் நீக்கக் கூடாது.

ஐந்தாவது, வாட்ஸ்அப். போனில் இடமில்லை என்று அதன் வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுமையாகக் கணினிக்கு மாற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் அந்த ஃபோல்டருக்குள் சென்ட் என்று ஓர் உள் ஃபோல்டர் இருக்கிறது. நீங்கள் பிறருக்கு அனுப்பிய படங்களின் இரண்டாம் பிரதிகள் அதில் உள்ளன. போனின் கேலரியில் அவை தோன்றாதபடி மறைக்கப்பட்டிருப்பதால் பலருக்கும் அது இருப்பதே தெரியாது. மூலப் படம் வேறிடத்தில் இருக்கிறது என உறுதி செய்து கொண்டால் இந்தப் பிரதிகளை நீக்கலாம். பெருநாள் வாழ்த்துப் படங்களும் பலமுறை சுற்றிவந்த வீடியோக்களும் அடுத்தபடியாக நீக்கத் தக்கவை. அளவின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் அரைமணி நேரத்தில் முடியும் வேலை.

ஆறாவது, ஒன்டிரைவ். இதனுடன் இணைக்கப்பட்ட ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள பிரதியும் அழிபடும். கணினியில் மட்டும் இடம் வேண்டுமெனில், கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழிப்பதும் இடம் விடுவிப்பதும் இங்கு வெவ்வேறு.

கை வைக்கக் கூடாதவை

பேஜ்ஃபைல் என்னும் பெரிய கோப்பு ஒன்று சி டிரைவில் மறைந்திருக்கும். ராம் போதாதபோது துணையாக நிற்பது அது. அதனை விண்டோஸின் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் ஃபோல்டரினுள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று உண்டு. அதன் அளவைக் கண்டு மலைப்போர் பலர். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் பெயர் பெற்றிருப்பதால், உண்மையான அளவை விட அதிகமாகவே அது காட்டப்படுகிறது. ஒருவருக்குப் பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டு பேர் என்று எண்ணுவது போன்றது அது. அதனைக் கையால் அழித்தால் கணினி முடங்கும்.

அதே இடத்தில் இன்ஸ்டாலர் என்னும் மறைந்த ஃபோல்டரும் உள்ளது. ஒரு மென்பொருளைப் பின்னர் நீக்கவோ புதுப்பிக்கவோ அதனுள் உள்ளவை தேவைப்படும். இன்று அழித்தால் இன்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அந்த மென்பொருளை நீக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. அவ்வாறே ரெக்கவரி என்று பெயரிட்ட தனிப்பிரிவு தட்டில் இருந்தால் அதனையும் தொடாதீர்கள். கணினி திறக்காத நாளில் உதவிக்கு வருவது அதுவே.

பொதுவாக ஒரு விதியைக் கொள்ளலாம். விண்டோஸ் ஃபோல்டரினுள் இருப்பவற்றை விண்டோஸ் தரும் வழியாக மட்டுமே நீக்க வேண்டும். கையால் தேடிச்சென்று நீக்கக் கூடாது.

பென்டிரைவ் காலியாகத் தோன்றினால்

மறைந்த கோப்புகள் பற்றிய அறிவு, அழிப்பதற்கு மட்டுமன்றிக் காப்பதற்கும் உதவும். ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ பென்டிரைவைக் கொடுத்து வாங்கி வந்து பார்க்கிறீர்கள். உங்கள் ஃபோல்டர்கள் மறைந்து, அவற்றின் இடத்தில் சிறு அம்புக்குறி இட்ட ஷார்ட்கட்கள் மட்டும் இருக்கின்றன. அல்லது எதுவுமே இல்லை. கடைக்காரர் "வைரஸ், ஃபார்மட் அடித்துவிடுங்கள்" என்கிறார்.

பொறுங்கள். பென்டிரைவ் காலி எனத் தோன்றினும், அதன் பிராப்பர்ட்டிஸ் பகுதியில் இடம் பயன்பட்டிருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. இவ்வகை வைரஸ் அவற்றை அழிப்பதில்லை. மறைந்தது என்றும் இயக்க அமைப்புக்குரியது என்றும் அடையாளமிட்டு ஒளித்து வைக்கிறது. நாம் ஷார்ட்கட்டை அழுத்தினால் அந்த வைரஸ் நம் கணினிக்குத் தாவும். அதுவே அதன் தந்திரம்.

ஆகவே ஷார்ட்கட்டைத் தொடாமல், விண்டோஸில் உள்ள செக்யூரிட்டி மூலம் பென்டிரைவைச் சோதியுங்கள். பின்னர் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை இயக்குங்கள். அதனுடன், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் இயக்க அமைப்பின் கோப்புகளை மறை என்னும் பொருள்படும் கட்டத்தில் உள்ள குறியையும் எடுங்கள். ஒளிந்திருந்த ஃபோல்டர்கள் மங்கலாகத் தோன்றும். சில நேரங்களில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் அனைத்தும் இருக்கும். ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் உங்கள் கோப்புகளைக் கணினியில் புதிய ஃபோல்டருக்குப் படியெடுத்துக் கொண்டு, அதன் பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

இன்னொரு செய்தி: கணினியில் இருந்து அழிப்பது போல், பென்டிரைவில் இருந்து அழிக்கும் கோப்பு வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை. அழித்தது அழித்ததே. அங்கே கை இருமடங்கு நிதானமாக இருக்கட்டும்.

பொதுக் கணினியும் பிறர் பொருளும்

எங்கள் மதரஸா அலுவலகத்தில் ஒரு கணினி உண்டு. சேர்க்கைப் பதிவேடு, வினாத்தாள், வரவு செலவு என எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. ஒரு நாள் சி டிரைவின் பட்டை சிவந்துவிட்டது. முன்பு பணியாற்றி மறைந்த உஸ்தாத் ஒருவரின் பாடங்களை மாணவர்கள் பதிவு செய்து வைத்திருந்தனர். அந்த ஃபோல்டரே கண்ணில் பட்ட பெரிய பொருள் ஆதலால், "இதனை எடுத்துவிடுவோம், இப்போது யார் கேட்கிறார்கள்?" என்றார் ஒருவர். மற்றொருவர் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து காட்டினார். காலி செய்யப்படாத தொட்டியும், மேம்படுத்தியதில் எஞ்சிய பழைய விண்டோஸும், தற்காலிகக் கோப்புகளும் சேர்ந்து அந்தப் பதிவுகளைப் போல மூன்று மடங்கு இடத்தைப் பிடித்திருந்தன. அவற்றை நீக்கியதும் பட்டை நீலமாகிவிட்டது. உஸ்தாதின் குரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த வாரமே அதற்கு வெளித்தட்டு ஒன்றில் இரண்டாம் பிரதியும் எடுக்கப்பட்டது.

அதே நாளில் வேறொன்றும் நிகழ்ந்தது. "புதியது 2" என்னும் பெயரில் ஒரு ஃபோல்டர் கிடந்தது. எவருடையது என்று தெரியவில்லை. அழிக்காமல் நால்வரிடமும் கேட்டோம். இளைய ஆசிரியர் ஒருவர் மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல்களை அதில் வைத்திருந்தார். பெயரிடுவதில் அவர் காட்டிய அலட்சியத்துக்கு, மாணவர்களின் மூன்றாண்டு உழைப்பு பலியாகியிருக்க வேண்டியதில்லை அல்லவா?

பலர் புழங்கும் கணினியில் ஒருவர் வைத்துச் சென்ற கோப்பு, மற்றவர் கையில் அமானிதம் போன்றது. வீட்டிலும் அவ்வாறே. மகளின் கல்லூரிக் கட்டுரையும் உம்மாவின் சமையல் குறிப்பும் வாப்பாவின் கடைக்கணக்கும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஒருவருக்குக் குப்பையாகத் தெரிவது மற்றவருக்கு ஓராண்டு உழைப்பு. மறைந்திருக்கும் இயக்கக் கோப்புகளை விட, உரியவர் அருகில் இல்லாத கோப்புகளே அதிகம் பலியாகின்றன. கேட்டுவிட்டு நீக்குவதற்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு மேல் செலவில்லை.

துப்புரவு மென்பொருள்கள்

"உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று திரையில் மின்னும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அச்சமூட்டிப் பணம் பறிப்பவை அவற்றில் பல. நற்பெயர் பெற்றவற்றிலும் இடர் நேர்ந்ததுண்டு. 2017ஆம் ஆண்டில், உலகெங்கும் பயன்பட்டு வந்த சிகிளீனர் என்னும் துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள், அதனை வெளியிட்ட நிறுவனமே அறியாமல், ஊடுருவியவர்கள் தீய நிரலைச் சேர்த்துவிட்டனர். அந்தப் பதிப்பு ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளைச் சென்றடைந்தது. விண்டோஸிலேயே துப்புரவு வசதி இருக்கும்போது வெளியாரை வீட்டுக்குள் அழைத்து ஒட்டடை அடிக்கச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை.

செய்யும் முறை

இனி, விடுமுறை நாளொன்றில் இதனை எவ்வாறு செய்வது? முதலில், இழக்க முடியாத படங்கள், குரல்கள், ஆவணங்கள் ஆகியவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுங்கள். படியெடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டாவதாக, ஸ்டோரேஜ் பக்கத்தைப் பார்த்து, இப்போது எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதைத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். மூன்றாவதாக, தொட்டியைப் பார்த்துக் காலி செய்யுங்கள். நான்காவதாக, டவுன்லோட்ஸை விடுத்துத் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். ஐந்தாவதாக, பயன்படாத மென்பொருள்களையும் பிள்ளைகள் விளையாடி முடித்த கேம்களையும் செட்டிங்ஸில் உள்ள ஆப்ஸ் பகுதி வழியாக நீக்குங்கள். மீண்டும் காலி இடத்தைப் பார்த்துத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இவ்வளவில் பெரும்பாலான வீடுகளில் பற்றாக்குறை தீர்ந்துவிடும். தீராவிட்டால் மட்டும், யோசித்து நீக்க வேண்டியவை என்று மேலே கூறியவற்றுக்குச் செல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இடம் இல்லையெனில், தட்டு உண்மையிலேயே சிறியது என்று பொருள். அப்போது நிக்காஹ் வீடியோக்களை வெளித்தட்டுக்கு மாற்றலாம். ஆனால் ஒரே வெளித்தட்டை நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள். தட்டுகளும் ஒரு நாள் பழுதாகும். இரண்டு இடங்களில் இருப்பதுதான் இருப்பது.

வாசகர்கள் தங்கள் கணினியில் பெயர் புரியாத பெரிய கோப்பு எதனையேனும் கண்டால், அழிப்பதற்கு முன் அதன் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் எழுதி அனுப்புங்கள். பலருக்கும் பயன்படக் கூடியவற்றுக்கு அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், விளக்கம் தருவோம்.